அறுநூற்று எழுபத்தொன்றாம் சீட்டு

சாமியாடுகிறவர்கள் நடுவில் வளர்ந்தவன் நான். ஊர் அம்பகரத்தூர். காளியம்மன் கோயில் திருவிழாவில் என் சொந்தச் சித்தப்பாவுக்கே அருள் வரும். ஊரே கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவர் கையில் பிடித்திருக்கிற வேப்பங்கொத்தில் ஓர் ஈர்க்குக்கு எத்தனை இலை என்று எண்ணிக்கொண்டிருந்தவன் நான். அதற்காக அம்மாவிடம் தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன். அதனால் 'இவன் சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம், அதுதான்' என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். இன்னொருவர் வந்து இதை என்னிடம் சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிட வேண்டும், அதுவும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும். ஏன் இன்றைக்கே என்பது கடைசியில் தெரியும்.

அப்பா அடுத்தவர் வயலில் வேலை செய்கிறவர். அம்மா கோயில் வாசலில் பூக்கட்டி விற்கிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். அப்படியே போய்ப் போய் எம்.எஸ்சி. தாவரவியல் வரைக்கும் வந்துவிட்டேன். இது நடந்து நான்கு வருடம் ஆகிறது, அப்போது கடைசி வருடம். காரைக்காலில் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பழைய வீட்டுத் தோட்டங்களில் இருக்கிற கொடிகளையெல்லாம் அடையாளம் கண்டு பட்டியல் போடுவது என் ஆய்வு.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் இந்தக் கதையே புரியாது. ஒரு செடியில் மாதிரி எடுத்தால், நகைக்கடையில் விலை எழுதித் தொங்கவிடுவார்களே, அந்த மாதிரி ஒரு சின்ன அட்டைச் சீட்டை அதில் கட்ட வேண்டும். சீட்டில் எடுத்தவரின் பெயரெழுத்து, ஓர் எண், இடம், எந்த மரத்தின் மேல் இருந்தது, பூவா காயா, இவ்வளவுதான். மை மழையில் கரைந்துவிடும் என்பதால் பென்சிலில்தான் எழுத வேண்டும். எண் ஒன்றில் ஆரம்பித்து ஆயுள் முழுக்க ஏறிக்கொண்டே போகும். வழிகாட்டியாக இருந்த மேடம் முதல் நாளே சொன்னார்: "ஒரு நம்பரைத் தாண்டவும் கூடாது, ஒரு நம்பரை ரெண்டு தடவை போடவும் கூடாது. அதுதான் உன் கையெழுத்து, உன் நாணயம்." எனக்கு அது வேதவாக்கு.

மற்றவர்கள் ஆங்கிலத்தில் எழுதி நூலில் கட்டுவார்கள். நான் தமிழில் எழுதுவேன். கு.இ. என்றால் குப்புசாமி மகன் இளங்கோ. நூலுக்குப் பதில் வாழைநார். வீட்டில் அதுதானே சும்மா கிடக்கும். நனைத்துக் கட்டினால் நூலைவிட இறுக்கமாகப் பிடிக்கும். அம்மா இடக்கைக்காரர், அவர் போடுகிற பூமுடிச்சு மற்றப் பூக்காரர்கள் முடிச்சுக்கு நேர் எதிர்ப்பக்கமாக விழும். நான் வலக்கைக்காரன்தான், ஆனாலும் அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டதால் என் முடிச்சும் அப்படியே விழும். வகுப்பில் கேலி செய்வார்கள், செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

காரைக்காலை ஒட்டிய தலத்தெரு என்கிற ஊரில் ஒரு பழைய வீடு. கொல்லையில் பெரிய மாமரம், ஒட்டு அல்ல, கொட்டை போட்டு முளைத்த மரம், ஓங்கி வளர்ந்தது. அதன் மேல் ஒரு கொடி ஏறியிருந்தது. வீட்டுக்காரர் அந்தக் காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, தென்னமெரிக்காவில் பிரெஞ்சுக்காரர் வசம் இருக்கிற கயானாவில் காட்டுக்குள் முகாம் போட்டிருந்தவராம். திரும்பி வரும்போது ஈரத்துணியில் சுற்றி ஒரு தண்டைக் கொண்டுவந்து நட்டிருக்கிறார். அவர் இறந்து வெகுநாளாகிறது. மகள் பிரான்சில். முன்பக்கத்து இரண்டு அறைகளில் தையல் மெஷின் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ரோஸ்லின் அக்கா. ஐம்பது வயதிருக்கும், கணவர் இல்லை, சத்தமாகப் பேசுவார்.

முதன்முதலில் அந்த வருடம் தை மாதம் நான் போய்க் கேட்டைத் தட்டியபோது, ஊசியை வாயில் கடித்தபடி எட்டிப் பார்த்தவர், "என்னங்க தம்பி, மறுபடியும் வந்துட்டீங்களா?" என்றார்.

"இல்லங்கக்கா, இப்பதான் முதல் தடவ வர்றேன்."

"அப்படியா, சரி சரி. ஏணி அங்கதான் கெடக்கு."

நான் ஏணி கேட்கவே இல்லை. யாரோ என்று நினைத்துப் பேசுகிறார், தைக்கிற கண், மங்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு நான் ஒரு தப்புச் செய்தேன். ஏணி போட்டு ஏறச் சோம்பல்பட்டு, கைக்கு எட்டிய அடிக்கொடியில் இரண்டு இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். இந்தக் கொடியைப் பற்றித் தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். காட்டில் மரமேறுகிற கொடிகள், அதுவும் இந்த ஃபிலோடென்ட்ரான் இனம், இருட்டான அடிப்பகுதியில் ஒரு மாதிரி இலை விடும், ஏற ஏற வெளிச்சம் கிடைக்கக் கிடைக்க வேறு மாதிரி இலை விடும். அடியில் சாதாரண இதய வடிவம். மேலே போனால் ஐந்து மடல், உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு மடங்கு. ஒரே செடி என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். நான் கீழே நின்று சிவப்பாகத் தெரிந்த காம்பைப் பார்த்துவிட்டு, புத்தகத்தைப் பார்த்து, 'ஃபிலோடென்ட்ரான் ஸ்குவாமிஃபெரம், கயானாக் காட்டுக்குரியது' என்று பட்டியலில் ஏற்றிவிட்டேன்.

ஆனி மாதம், மாங்கனித் திருவிழா முடிந்த வாரம், ஒரு வியாழக்கிழமை, ஆய்வை எல்லார் முன்னாலும் விளக்கிச் சொல்லும் நாள். வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். நான் ஒட்டி வைத்திருந்த அந்த இரண்டு இலையைத் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, இது மணி பிளான்ட். எங்க வீட்டுப் பாத்ரூம்ல இருக்கு."

மொத்த அறையும் சிரித்தது. இல்லைங்க சார், புது இலையை மூடிக்கொண்டு தனியாக ஓர் உறை வரும், மணி பிளான்ட்டுக்கு அப்படி வராது, அதுவே வேற இனம் என்று ஆரம்பித்தேன். "அந்த உறை எங்க?" என்றார். என்னிடம் இல்லை. "சிவப்புக் காம்பு எங்க? பூ எங்க?" அதுவும் இல்லை. அவர் சொன்னதில் தவறும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவனுக்கு ஒரு பயம் உண்டு, நாம் இங்கே உட்கார்ந்திருப்பதே தப்பாக நடந்துவிட்டது, ஒருநாள் யாராவது கண்டுபிடித்து எழுப்பி அனுப்பிவிடுவார்கள் என்று. அன்றைக்குக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

மேடம் வெளியே வந்து சொன்னார்: "இளங்கோ, திங்கக்கிழமைக்குள்ள பூ கொண்டா. இல்லேன்னா அந்தப் பேரை எடுத்துடு. அதை எடுத்தா உன் கடைசி அத்தியாயமே போயிடும், தெரியுமில்ல? ஆறு மாசம் கழிச்சுத்தான் மறுபடி குடுக்க முடியும்."

ஆறு மாதம் என்றால் ஆறு மாத ஃபீஸ் மட்டும் இல்லை. ஏற்கெனவே ஊரில், இன்னுமா படிக்கிறான் என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். கொண்டுவருகிறேன் என்றேன். பூ வந்திருக்கிறதா என்றுகூடத் தெரியாமல்தான் சொன்னேன்.

அங்கிருந்து நேராகத் தலத்தெரு. ரோஸ்லின் அக்கா வாசலிலேயே நின்றார்.

"தம்பி, சேதி தெரியுமா? முசியேவோட மக எடத்த வித்துடுச்சு. சனிக்கெழம காலைல மரம் வெட்ட ஆளு வருது. முசியே இருந்தா கல்லறைலேருந்து எந்திரிச்சு வந்துருப்பாரு. அந்தக் கொடிமேல கைய வெச்சா அப்படிக் கோவம் வரும் அவருக்கு."

வீட்டுக்காரரை அக்கா கடைசி வரைக்கும் முசியே என்றுதான் சொன்னார், பிரெஞ்சில் ஐயா மாதிரி. நான் கொல்லைக்கு ஓடி அண்ணாந்து பார்த்தேன். இருபதடி உயரத்தில், ஐந்து மடல் இலைகளுக்கு நடுவே, கருஞ்சிவப்பாக விரல் தடிமனில் ஒரு மொக்கு. வாழைப்பூவின் குட்டி மாதிரி. மூடியிருந்தது. அது எந்த நேரமும் திறக்கலாம் என்று அதன் வீக்கத்திலேயே தெரிந்தது. இந்தப் பூ சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில்தான் திறக்கும். திறக்கும்போது வாசம் விடும், உடம்பு மாதிரிச் சூடாகும், கயானாக் காட்டில் அந்தச் சூட்டுக்கும் வாசத்துக்கும் ஒருவகை வண்டு தேடி வரும். இங்கே அந்த வண்டு கிடையாது. அதனால் இங்கே பூத்தாலும் காய்க்கவே காய்க்காது, மூன்றாம் நாள் உதிர்ந்துவிடும். இதெல்லாம் புத்தகத்தில் படித்தது.

வியாழன் திறக்கவில்லை. வெள்ளி மதியமே போய் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டிலிருந்து காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்றை இரவல் வாங்கிப் பையில் வைத்திருந்தேன், ஸ்பிரிட் ஊற்றிய புட்டி, கத்தி, நனைத்த வாழைநார், சீட்டுகள். என் கடைசி எண் 211. அதாவது இந்தப் பூ 212.

ஆறேகாலுக்கு வாசம் வந்தது. முதலில் பழுத்த வாழைப்பழம் மாதிரி, அப்புறம் ஏதோ மருந்து மாதிரி. ஏணியைப் போட்டு ஏறினேன், ஏணி முடிந்த இடத்தில் கவட்டையில் கால் வைத்து இன்னும் ஏறினேன். நெற்றியில் விளக்கு கட்டியிருந்தேன். இலைக்காம்பு முழுக்கச் சிவப்பாக, கம்பளிப்பூச்சி மேலே ஊர்வது போல ரோமம் ரோமமாகச் செதில். புது இலைக்கு உறை. எல்லாமே இருந்தது, அந்தப் பேராசிரியர் கேட்டதெல்லாம் இருந்தது, எனக்கு அழுகையே வந்துவிட்டது. பூ பாதி திறந்திருந்தது. உள்ளே வெள்ளையாக ஒரு தண்டு. விரல் வைத்தேன். படித்திருந்தும்கூட விரலை எடுத்துவிட்டேன். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரிச் சுட்டது.

தெர்மாமீட்டரை வைத்துப் பிடித்தேன். பீப் பீப் என்றது.

கீழேயிருந்து அக்கா, "என்ன தம்பி சத்தம்?"

"காய்ச்சல் பாக்குறேங்கக்கா."

"யாருக்கு?"

"பூவுக்கு. நூத்திரண்டு இருக்கு."

"யேசுவே! ஒரு பாரசிட்டமால் தரட்டா? பாதி போதுமா, முழுசா?"

நான் சிரித்தேன். இதைச் சொல்வதற்குக் காரணம், அந்த நிமிடம் எனக்குத் துளிகூடப் பயமில்லை, தூக்கக் கலக்கமும் இல்லை, புத்தி நன்றாகத்தான் இருந்தது.

பூவை வெட்டுவதற்காக அதன் காம்பைத் தொடர்ந்து இலையை விலக்கினேன். தண்டில் ஒரு சீட்டு கட்டியிருந்தது.

நகைக்கடைச் சீட்டு, நான் வாங்குகிற அதே அளவு. வாழைநாரில் கட்டியிருந்தது. முடிச்சு எதிர்ப்பக்கமாக விழுந்திருந்தது. நான் ஏதோ முன்பு கட்டிவிட்டு மறந்துபோனேன் என்றுதான் முதலில் மூளை சொன்னது, நான் ஏறியதே அன்றைக்குத்தான் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. விளக்கைத் திருப்பினேன். பென்சில். என் கையெழுத்து. ஒருவன் தன் கையெழுத்தைத் தவறாக எண்ணுவானா, சொல்லுங்கள்.

கு.இ. 671. அம்பகரத்தூர். பூவரசு மேல். காய்.

நான்கு முறை படித்தேன். நான் இருந்தது தலத்தெருவில். பிடித்திருந்தது மாமரம். கையில் இருந்தது பூ. என் எண் 212. ஒன்றுகூடப் பொருந்தவில்லை, பெயரெழுத்தைத் தவிர.

இன்னொன்று. இந்தக் கொடி மரத்தைப் பிடித்துக்கொள்ள கணுவுக்குக் கணு வேர் விடும். அப்படி ஒரு வேர், பென்சில் தடிமன், அந்த நாரின் மேலேயே ஏறி, அதை மரப்பட்டையோடு அமுக்கிக்கொண்டு போயிருந்தது. அந்தத் தடிமனுக்கு ஒரு வேர் வர மாதக்கணக்காகும். ஆனால் நார் நேற்றுக் கட்டியது போலப் பச்சைவெளுப்பாக, ஈரமாக இருந்தது. வாழைநார் வெயிலில் ஒரே வாரத்தில் பழுப்பேறிவிடும், எனக்குத் தெரியாதா?

"அக்கா," என்று கூப்பிட்டேன். "இந்த மரத்துல இதுக்கு முன்ன யாராவது ஏறுனாங்களா?"

"ஆமா, ஏறுனாங்க."

"யாரு?"

"யாரா? நீங்கதான்."

"நானா?"

"போன வருசம் மழைக்கு முன்னாடி வந்து ஏறுனீங்களே தம்பி. தாடி வெச்சிக்கிட்டு. ஆளே மெலிஞ்சு, கண்ணெல்லாம் மஞ்சளா, ஒடம்பு சரியில்லாதவரு மாதிரி. நான் கூட, ஏறாதீங்கன்னேன். கேக்கலையே. எறங்கி வந்து தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு ஒண்ணும் சொல்லாம போனீங்க. அப்புறம் பொங்கலுக்கு வந்தப்ப ஒடம்பு தேறியிருந்தீங்க, நானும் அதப் பத்திக் கேக்கல."

விழுந்துவிடுவேன் என்று கவட்டையைக் கட்டிக்கொண்டேன். ஒன்று சொல்கிறேன், அந்த நேரத்தில் என்னை இறங்கி ஓடவிடாமல் பிடித்து வைத்தது தைரியம் இல்லை, அந்தப் பேராசிரியர் வீட்டுப் பாத்ரூம்தான். பூ இல்லாமல் இறங்கினால் நான் செத்தேன் என்று தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைச் செய்தேன். பூவை வெட்டிப் புட்டியில் போட்டேன். உறையோடு நுனித்தண்டு ஒன்று, மேலிலை, நடுஇலை, இறங்கும்போது அடியிலை, எல்லாம் வரிசையாக எடுத்தேன். என் சீட்டில் கு.இ. 212, தலத்தெரு, மாமரத்தின் மேல், பூ என்று எழுதிக் கட்டினேன். எழுதும்போது கண் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

அந்தச் சீட்டை எடுக்க வேண்டுமென்றால் வேரை அறுக்க வேண்டும். கத்தி கையில் இருந்தது. எதைப் பார்த்தாலும் வெட்டி எடுத்துப் பையில் போடுகிறவன் நான், அதை மட்டும் எடுக்கவில்லை. காலையில் எப்படியும் மரம் விழும், வெளிச்சத்தில் முழுத்தண்டாக எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், தொடப் பயந்தேன்.

சனிக்கிழமை ஆறரைக்குப் போனபோதே மெஷின் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கிளை தரையில் கிடந்தது. இலை இலையாகப் புரட்டித் தேடினேன். வெட்டிய பூக்காம்பின் நுனி கிடைத்தது. அதன் கீழே அந்த வேரும் கிடைத்தது. வேரின் அடிப்பக்கத்தில் நார் அழுந்திய தடம், நகத்தால் கீறியது போல ஒரு பள்ளம். நார் இல்லை. சீட்டும் இல்லை. வேரை அறுக்காமல் நாரை மட்டும் உருவ முடியாது, அது உங்களுக்கே தெரியும்.

ரோஸ்லின் அக்கா, "மாதா சத்தியமா நான் எடுக்கல தம்பி, எனக்கு ஏணில ரெண்டு படி ஏறுனாலே தல சுத்தும்" என்றார். வெட்டுகிறவர்கள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை மேடத்தின் மேஜையில் அடியிலை முதல் மேலிலை வரைக்கும் வரிசையாகப் பரப்பி, புட்டியைப் பக்கத்தில் வைத்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, லென்ஸில் வெகுநேரம் பார்த்தார். "ஸ்குவாமிஃபெரம்தான். நீ சொன்னது சரி. ஆனா சரியாச் சொன்னதுக்கு நீ ஆதாரம் வெக்கல, அதுதான் தப்பு" என்றார். அத்தியாயம் தப்பித்தது. வாய்மொழித் தேர்வுக்கு அதே பேராசிரியர்தான் வந்தார். தாளைப் புரட்டிவிட்டு, "எங்க வீட்டுல இருக்கறது மணி பிளான்ட்தான் தம்பி, இது இல்ல" என்றார். அவ்வளவுதான், எழுந்து நின்று கை கொடுத்தார். சீட்டைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் பட்டமா கிடைத்திருக்கும்?

மரம் வெட்டிய அன்று தண்டில் ஒரு முழம் வீட்டுக்கு எடுத்து வந்தேன். சும்மா விட மனமில்லை. எங்கள் கொல்லையில் ஒரு முருங்கையும் வாய்க்கால் ஓரத்தில் ஒரு பூவரசும் இருக்கின்றன. நான் எதில் நட்டிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? வேண்டுமென்றேதான் முருங்கையில் நட்டேன். அந்தச் சீட்டு பொய் என்று ஆகிவிட வேண்டும். வீட்டில் யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

அப்புறம் திருவாரூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியர் வேலை கிடைத்து அங்கேயே அறை எடுத்துத் தங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் செடி தேடிப் போவதை விடவில்லை. அந்த வருட மழையில் முருங்கை முறிந்து விழுந்திருக்கிறது. நான் தீபாவளிக்கு வந்து பார்த்தால் கொடி பூவரசில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"யாரும்மா இத இங்க மாத்துனது?"

"நான்தான்டா. கீழ கெடந்து அழுகிட்டிருந்துச்சு. நீ ஆசயா கொண்டாந்தது. நார வெச்சுக் கட்டிவிட்டேன், பிடிச்சிக்கிச்சு. ஏன், தப்பா?"

தப்பில்லை என்றேன். வேறு என்ன சொல்வது? பிடுங்கிவிடலாம் என்று இரண்டு முறை கைவைத்தேன். இந்த ஜில்லா முழுக்க அந்தச் செடி இப்போது இது ஒன்றுதான், தலத்தெரு வீடு இருந்த இடத்தில் இன்று கல்யாண மண்டபம். இதற்காகத்தானே அவ்வளவு அவமானப்பட்டேன். ஒரு சீட்டுக்குப் பயந்து அதைக் கொல்ல மாட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன். இன்றுவரை அந்த முடிவை மாற்றவில்லை.

சொல்ல வந்தது இனிமேல்தான். இந்த வருடம் புரட்டாசியில் எனக்கு மஞ்சள்காமாலை வந்தது. பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மூன்று வாரமாக அம்பகரத்தூரில் கீழாநெல்லியும் மோருமாகக் கிடக்கிறேன். பாதி ஆளாகிவிட்டேன். சவரம் செய்யவில்லை. படுத்திருக்கிற கட்டிலிலிருந்து பார்த்தால் பூவரசு தெரியும். நான் படுத்த முதல் வாரம் கொடி முதல்முறையாகப் பூத்தது. வாசம் வீடுவரைக்கும் வந்தது, அம்மா எங்கே பழம் அழுகுகிறது என்று தேடினார். எழுந்து போக என்னால் முடியவில்லை. பரவாயில்லை, வண்டு இல்லாத ஊர், மூன்றாம் நாள் விழுந்துவிடும் என்று இருந்தேன்.

விழவில்லை. பதினைந்து நாளாகிறது. பூவின் உறை மறுபடி இறுக மூடிக்கொண்டு, அடிப்பக்கம் பெருத்துக்கொண்டு வருகிறது. காய் பிடித்தால்தான் அப்படி மூடும். இந்த மண்ணில் அது காய்க்க வழியே இல்லை, நான் என் ஆய்வேட்டிலேயே அப்படி எழுதியிருக்கிறேன், மேடம் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

நேற்று என் பதிவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். காமாலை வருவதற்கு முந்தைய ஞாயிறு திருவாரூர்ப் பக்கம் ஒரு வாய்க்கால் ஓரம் எடுத்த வேறொரு கொடிதான் கடைசி. எண் 670.

எண்ணைத் தாண்டக் கூடாது. இரண்டு தடவை போடவும் கூடாது. ஏறாமலே இருந்துவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் ஒரு ஃபிலோடென்ட்ரான் இங்கே காய்த்திருக்கிறது, அதை நான் எடுத்து வைக்காவிட்டால் யார் எடுப்பார்கள்? அடியிலையைக் கிள்ளிக்கொண்டு சோம்பேறித்தனமாகத் திரும்பி வந்த இளங்கோ நான்கு வருடத்துக்கு முன்பே போய்விட்டான். வானம் மூட்டமாக இருக்கிறது, இன்னும் மழை இறங்கவில்லை. நாளைக் காலை வெளிச்சம் வந்ததும் ஏறப்போகிறேன். சீட்டு எழுதிக் கட்டப்போகிறேன். கட்டிவிட்டு, அது கட்டிய இடத்திலேயே இருக்கிறதா என்று தினமும் போய்ப் பார்க்கப்போகிறேன். இல்லாமல் போனால், போன தேதியையும் நோட்டில் எழுதி வைப்பேன்.

ரோஸ்லின் அக்கா பார்த்த ஆளுக்குத் தாடி இருந்தது. அதனால் இன்று மாலை முதல் வேலையாகச் சவரம் செய்துவிட்டேன். அம்மா கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார், "இப்பதான்டா மனுசன் மாதிரி இருக்க" என்றார். மழித்து முடித்து முகத்தைக் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன்.

கண் இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது.